பைக் ஷாக் அப்சர்பர ஓட்டறவங்க எடைக்கு தகுந்தாப்ல செட் பண்ணிக் குடுங்க

ஆசிரியர் அய்யா அவங்களுக்கு வணக்கங்க.

ரோட்டுல பள்ளம், அளவில்லாத ஸ்பீடு பிரேக்கர், டூவீலர் ஓட்டி ஓட்டி முதுகு வலி வந்தவங்க, இதப்பத்தியெல்லாம் உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, நல்லதுங்க, இன்னும் வரணும். ஆனா ஒரு விஷயத்த மட்டும் யாரும் எழுதி நான் பாக்கல. நம்ம ஓட்டற வண்டியோட பின்னாடி ஷாக் அப்சர்பர் அடியில (சில வண்டில மேல) படிப்படியா வெட்டுன ஒரு வளையம் இருக்கும், அத திருப்பி வண்டிய ஓட்டறவங்க எடைக்கு தகுந்த மாதிரி வெச்சுக்கலாம், காசு கிடையாது, பார்ட்ஸ் வாங்க வேண்டியதில்ல, கைல ஒரு சி ஸ்பானர் (வளையத்த திருப்பற கொக்கி மாதிரி ஸ்பானர்) இருந்தா கொஞ்ச நேரத்துல முடிஞ்சுரும். நான் நாமக்கல் பக்கம் டூவீலர் மெக்கானிக்குங்க. எங்கிட்ட வர்ற வண்டில முக்காவாசி வண்டில அந்த வளையத்துல சேறு காஞ்சு கல்லு மாதிரி புடிச்சிருக்கும், கம்பெனில இருந்து வந்த நாள்ல இருந்து யாரும் தொட்டதே இல்லைன்னு பாத்தவுடனே தெரியும். 100 கிலோ ஆளும் அதே செட்டிங்ல ஓட்டறாரு, 45 கிலோ பொண்ணும் அதே செட்டிங்ல ஓட்டுது. இது சரியில்லைங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

எடை என்னத்துக்கு பைக்ல இவ்வளவு முக்கியம்னு சொல்றேன். ஒரு 100 சிசி வண்டி எடுத்துக்கோங்க, பெட்ரோலோட சேத்து 110 கிலோவ ஒட்டித்தான் இருக்கும். அதுல 75 கிலோல வீட்டுக்காரர், 60 கிலோல அவங்க வீட்டம்மா, நடுவுல ஒரு கொழந்தை 15 கிலோன்னா 150 கிலோ ஆச்சு, அதாவது வண்டியோட எடைய விட மேல ஏறுன எடை ஜாஸ்தி. கார்ல இப்படி ஆகாது, 900 கிலோ காருக்கு நாலு பேர் ஏறுனாலும் முன்னூறு கிலோதான், மூணுல ஒரு பங்கு. பைக்ல ஆள் மாறுனா வண்டியே வேற வண்டி ஆயிருது. அதுவும் பின்னாடி உக்கார்றவங்க ஏறக்குறைய பின் சக்கரத்துக்கு நேர் மேலதான் உக்கார்றாங்க, அதனால அவங்க எடை கிட்டத்தட்ட முழுசும் பின் ஷாக் மேலதான் வந்து விழுது.

எங்க ஊர்ல லாரித் தொழில் பத்தி உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. லாரிக்காரங்க என்ன லோடு ஏத்தப்போறோம்னு பாத்துத்தான் கமான் பட்டை (லாரிக்கு ஸ்பிரிங்கா அடுக்கற இரும்பு பட்டை) எத்தனை போடறதுன்னு முடிவு பண்ணுவாங்க, பட்டை பத்தலைன்னா வண்டி பின்னாடி படுத்துரும், ஜாஸ்தியாயிட்டா காலி வண்டி குதிக்கும்னு அவங்களுக்கு தெரியும். அதே லாரி முதலாளி வீட்டுக்கு போற பைக்ல பின் ஷாக் எந்த ஸ்டெப்ல இருக்குன்னு கேட்டா தெரியாது. அந்த வளையம்தாங்க பைக்குக்கு கமான் பட்டை கணக்கு.

ஆனா இங்க ஒரு தப்பான நெனப்பு எல்லாருக்கும் இருக்கு, மெக்கானிக்குங்க நெறைய பேருக்கும் இருக்கு. வளையத்த ஏத்தி வெச்சா ஸ்பிரிங் டைட்டாயிரும், எறக்கி வெச்சா லூஸாயிரும்னு நெனைக்கறாங்க. ஸ்பிரிங்கோட பலம் மாறவே மாறாதுங்க, கம்பி அதே கம்பி, சுத்து அதே சுத்து. கணக்குக்கு ஒரு ஸ்பிரிங் வெச்சுக்கங்க, 10 கிலோ வெச்சா 1 செமீ அமுங்கும்னு. 30 கிலோ வெச்சா 3 செமீ அமுங்கும். இப்ப வளையத்த திருப்பி அந்த ஸ்பிரிங்க முன்கூட்டியே 1 செமீ அமுக்கி வெச்சுட்டா, முதல் 10 கிலோவுக்கு அது அசையவே அசையாது, 30 கிலோ வெச்சா 2 செமீ தான் எறங்கும். அதுக்கு மேல இன்னொரு 10 கிலோ ஏத்துனா பழையபடி 1 செமீ தான் அமுங்கும், அது மாறல. அப்ப அந்த வளையம் என்ன பண்ணுதுன்னா, ஆள் ஏறி உக்காந்ததும் வண்டி எந்த ஒசரத்துல நிக்கணும்ங்கறத அது முடிவு பண்ணுது. இதுக்குத்தான் ப்ரீலோடுன்னு பேரு.

ஒசரத்துக்கு எதுக்கு இவ்வளவு கவலைன்னு கேப்பீங்க. பின் சக்கரம் மேலயும் கீழயும் போய்ட்டு வர்றதுக்கு ஒரு அளவு இருக்கு, அத டிராவல்னு சொல்லுவோம், சாதாரண வண்டில பின்னாடி 80-ல இருந்து 110 மிமீ வரைக்கும் இருக்கும், 100ன்னு வெச்சுக்கங்க. ஒரு ஆள் ஏறி உக்காந்ததும் அதுல 30 மிமீ எறங்குனா மிச்சம் 70 இருக்கு மேட்டுல ஏறும்போது அமுங்க, பள்ளம் வந்தா அந்த 30 இருக்கு சக்கரம் கீழ எறங்கி ரோட்ட விடாம புடிச்சுக்க. இப்ப கனமான ரெண்டு பேர் ஏறி அதே செட்டிங்ல 75 மிமீ எறங்கிப்போச்சுன்னா மிச்சம் 25 தான். இந்திய சாலை காங்கிரஸ் (ஐஆர்சி, ரோட்டுக்கு விதி வகுக்கற அமைப்பு) விதிப்படி கட்டுன வேகத்தடையே 10 செமீ ஒசரம், ஆனா அதோட அகலம் 3.7 மீட்டர் இருக்கணும், மெதுவா ஏறி எறங்கற மாதிரி. நம்ம தெருவுல இருக்கறது அந்த அகலத்துல கால்வாசி கூட இல்ல, சுவரு மாதிரி நிக்குது. அதுல 25 மிமீ மிச்சம் வெச்சுக்கிட்டு ஏறுனா டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அது ஷாக் கடைசி வரைக்கும் போயி ரப்பர்ல முட்டற சத்தம். அந்த நேரத்துல ஷாக்குன்னு ஒண்ணு வண்டில இல்லாத மாதிரிதான், அடி பூரா சீட் வழியா நேரா முதுகெலும்புக்கு போகுது, பின்னாடி உக்காந்திருக்கற அம்மாவுக்குத்தான் முதல்ல போகுது.

எதிர்ப்பக்கமும் இருக்கு. டெலிவரிக்கு முன்னாடியே யாரோ ஷாக்க கடைசி ஸ்டெப்ல ஏத்தி வெச்சுட்டு, வாங்குனது காலேஜ் படிக்கற ஒல்லியான பையனோ பொண்ணோ, 45 - 50 கிலோ. அவங்க உக்காந்தா வண்டி 10 மிமீ கூட எறங்காது. சின்ன பள்ளம் வந்தா சக்கரம் கீழ போக எடமே இல்ல, ரோட்ட விட்டு தூக்கிரும். மேடு பள்ளமான எடத்துல பின் பிரேக் புடிச்சா சக்கரம் தத்தித் தத்தி போகும், பின்னாடி வழுக்கிக்கிட்டு போற மாதிரி இருக்கும், ஏன்னா சக்கரம் பாதி நேரம் தரையிலயே இல்ல. அவங்க வந்து "அண்ணா, டயர் சரியில்ல மாத்திக் குடுங்க"ன்னு கேப்பாங்க. டயர் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு ஸ்டெப் எறக்கி விட்டா சரியாப் போயிரும்.

கொல்லிமலைக்கு காரவள்ளில இருந்து ஏறுற ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு இருக்குங்க. லீவு நாள்னா ரெண்டு ரெண்டு பேரா அவ்வளவு பைக் போகும். எறங்கி வர்ற வண்டிகளோட சென்டர் ஸ்டாண்டு, சைலன்சர் அடி, ஃபுட்ரெஸ்ட் நுனி இதெல்லாம் தேஞ்சு வெள்ளையா பளபளன்னு இருக்கும், திரும்பும்போது ரோட்டுல ஒரசுனது. பசங்க அத பெருமையா காட்டுவாங்க. ஆனா அதுல பாதி சாய்ச்சு ஓட்டுனதால ஒரசுனது இல்லைங்க, ரெண்டு பேர் எடைல வண்டி பின்னாடி படுத்துக்கிட்டதால ஒரசுனது. சென்டர் ஸ்டாண்டு மாதிரி கெட்டியான இரும்பு வளைவுல தரைய தட்டி ஊனிக்கிச்சுன்னா பின் சக்கரத்தையே தூக்கி விட்டுரும். பின்னாடி படுத்தா முன்னாடி தூக்கும், அப்ப ஹேண்டில் லேசா ஆயிரும், திருப்புனா வண்டி மெதுவாத்தான் திரும்பும், வளைவுல நெனச்ச கோட்டுல நிக்காம வெளிய வெளிய போகும். மலை ரோட்டுல வெளிய போனா எதிர்ல பஸ் வருதுங்க.

எல்லாத்த விடவும் ராத்திரி ஹெட்லைட் விஷயத்தத்தான் நான் பெருசா நெனைக்கறேன், ஏன்னா மத்ததெல்லாம் ஓட்டறவங்களோட போகுது, இது எதிர்ல வர்றவங்கள பாதிக்குது. ஒரு சாதாரண பைக்ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 1.25 மீட்டர் இருக்கும். பின்பக்கம் வழக்கத்த விட 5 செமீ கூட எறங்குச்சுன்னா, அந்த கணக்குப்படி 25 மீட்டர் தூரத்துல லைட் விழற எடம் 1 மீட்டர் மேல ஏறிரும். லோ பீம்ல போட்டிருந்தாலும் எதிர்ல வர்றவரோட கண்ணுலதான் போய் அடிக்கும். நீங்க ரோட்டுல பாத்திருப்பீங்க, எதிர்ல வர்ற பைக் டிம் பண்ணலைன்னு நம்ம திட்டுவோம், கிட்ட வந்தா பின்னாடி ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க, டிம்லதான் போட்டிருப்பாங்க. இப்ப பளீர்னு வெள்ளை எல்இடி பல்பு வேற மாட்டிக்கறாங்க, அதோட சேந்து இதுவும்னா எதிர்ல வர்றவருக்கு கொஞ்ச நேரம் ரோடே தெரியாது. குடும்பத்தோட ராத்திரி போறவங்க பின் ஷாக்க ரெண்டு ஸ்டெப் ஏத்திக்கிட்டு, ஹெட்லைட் ஸ்க்ரூவையும் ஆள் உக்காந்த நெலமைல ஒரு தடவ சரி பண்ணிக்கிட்டா இந்த பிரச்சனை பெரும்பாலும் தீந்துரும். போலீஸ்காரங்க ஹெட்லைட்ல கருப்பு பொட்டு வெக்க சொன்ன காலம் உண்டு, அத விட இது உருப்படியான காரியம்.

சரி, எப்படி பாத்து வெக்கறதுன்னு சொல்றேன், வாசகர்கள் வீட்டுலயே பண்ணலாம், ஒரு இஞ்ச் டேப்பும் கூட ஒருத்தரும் வேணும். முதல்ல ரெண்டு டயர்லயும் காத்து சரியா இருக்கான்னு பாத்துக்கங்க, காத்து கம்மியா இருந்தா கீழ சொல்ற எதுவும் சரியா வராது. அப்பறம் வண்டிய சென்டர் ஸ்டாண்டுல போட்டு பின் சக்கரம் தரையில படாம தொங்கற மாதிரி வெச்சுக்கங்க. பின் ஆக்ஸில் நட்டுல இருந்து நேர் மேல சீட்டுக்கு கீழ பேனல்ல ஒரு எடத்துல டேப் ஒட்டி குறி வெச்சு எத்தன மிமீன்னு எழுதிக்கங்க. அடுத்தது வண்டிய ஸ்டாண்டுல இருந்து எறக்கி நேரா நிமித்தி, சீட்ட ஒரு தடவ அமுக்கி விட்டுட்டு யாரும் ஏறாம அதே எடத்துல அளந்துக்கங்க. கடைசியா நீங்க வழக்கமா போடற டிரஸ், ஹெல்மெட், பேக்கோட ஏறி உக்காந்து ரெண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்ல வெச்சுக்கங்க, முன்னாடி ஒருத்தர் ஹேண்டில புடிச்சுக்கணும், இன்னொருத்தர் அளக்கணும் (ரெண்டு பேர் கூட இருந்தா இன்னும் சௌரியம், இல்லைன்னா சுவத்துல முழங்கைய லேசா ஊனிக்கலாம்). முதல் அளவுல இருந்து கடைசி அளவ கழிச்சா அதுதான் நீங்க உக்காந்ததும் வண்டி எறங்கற அளவு. அது மொத்த டிராவல்ல கால்வாசிக்கும் மூணுல ஒரு பங்குக்கும் நடுவுல இருக்கணும், 100 மிமீ டிராவல்னா 25ல இருந்து 33 வரைக்கும். அதுக்கு மேல எறங்குச்சுன்னா வளையத்த ஒரு ஸ்டெப் ஏத்துங்க, கம்மியா இருந்தா ஒரு ஸ்டெப் எறக்குங்க, மறுபடியும் அளங்க.

வளையத்த திருப்பும்போது, ரெண்டு பக்கமும் ஷாக் இருக்கற வண்டில ரெண்டும் ஒரே ஸ்டெப்ல இருக்கணும், இத மறக்கக் கூடாது. பின்னாடி பொம்பளைங்க ஒருபக்கமா உக்கார்றாங்கன்னு அந்த பக்கம் மட்டும் ஒரு ஸ்டெப் ஏத்தி வெக்கறவங்க இருக்காங்க, பண்ணாதீங்க, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்த புடிச்சிருக்கற இரும்புக் கை) முறுக்கிக்கிட்டு புஷ் தேஞ்சு போகும், ரெண்டு ஷாக்கும் ரெண்டு விதமா ஆடும். ஒண்ணுல இருந்து நேரா அஞ்சுக்கு தாவாம ஒவ்வொரு ஸ்டெப்பா போங்க. சேறு காஞ்சு புடிச்சிருந்தா தண்ணி ஊத்தி பிரஷ் போட்டு தேச்சு கொஞ்சம் ஸ்ப்ரே அடிச்சு ஊற வெச்சுட்டு திருப்புங்க, சுத்தியல் உளி வெச்சு தட்டாதீங்க, படி ஒடஞ்சுரும்.

நடுவுல எடுத்த அளவ எதுக்கு எடுத்தோம்னா, அதுலதான் ஸ்பிரிங் உங்களுக்கு பொருந்துதா இல்லையான்னு தெரியும். யாரும் ஏறாம வண்டி தன் சொந்த எடைல 5 - 10 மிமீயாவது எறங்கி இருக்கணும். நீங்க கனமான ஆளு, ஏத்தி ஏத்தி வெச்சு உக்காந்த அளவ சரி பண்ணிட்டீங்க, ஆனா ஆள் இல்லாதப்ப வண்டி ஒரு மிமீ கூட எறங்காம வெறப்பா நிக்குதுன்னா ஸ்பிரிங் உங்க எடைக்கு பத்தலைன்னு அர்த்தம், அத வளையம் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, பலமான ஸ்பிரிங் தான் போடணும். ஒல்லியானவங்களுக்கு இது அப்படியே தலைகீழ், உக்காந்த அளவு சரியா வருது, ஆனா ஆள் இல்லாமயே வண்டி நெறைய எறங்கி நிக்குதுன்னா ஸ்பிரிங் அவங்களுக்கு ரொம்ப கெட்டி. மொபசல்ல ஸ்பிரிங் மட்டும் தனியா கெடைக்கறது கஷ்டம்ங்கறது உண்மைதான், ஆனா சாதாரணமா 55 கிலோல இருந்து 85 கிலோ வரைக்கும் இருக்கற ஆளுங்களுக்கு வண்டில ஏற்கனவே இருக்கற அஞ்சு ஸ்டெப்புக்குள்ளயே அடங்கிரும்.

இது ஏதோ வெல ஒசந்த வண்டிக்கான வசதின்னு நெனச்சுக்காதீங்க. ஸ்ப்ளெண்டர்லயே பின்னாடி 5 ஸ்டெப் இருக்கு. 2021ல வந்த கிளாசிக் 350ல 6 ஸ்டெப். 2020ல வந்த ஆக்டிவா 6ஜில 3 ஸ்டெப், ஜூபிடர்லயும் 3 ஸ்டெப். ஸ்கூட்டர் ஓட்டற பொம்பளைங்ககிட்ட உங்க வண்டில இப்படி ஒண்ணு இருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க, ஷோரூம்ல பூஜை போட்டு எலுமிச்சம்பழம் வெச்சு சாவி குடுத்தாங்க, இத யாரும் சொல்லலைங்கறாங்க. முன்னாடி 25 கிலோ அரிசி சிப்பம், பின்னாடி மாமியார்னு போற ஸ்கூட்டருக்கும், தனியா ஆபீஸ் போற ஸ்கூட்டருக்கும் ஒரே செட்டிங் எப்படிங்க ஒத்து வரும். முட்டை அட்டை அடுக்கி கட்டிக்கிட்டு போறவங்க, பால் கேன் தூக்கறவங்க, சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க, இவங்கெல்லாம் ஒரு நாள்ல பாதி நேரம் லோடோட போயி மீதி நேரம் காலியா வர்றாங்க. இவங்க பெரும்பாலும் எந்த எடையோட ஓட்டறாங்களோ அதுக்கு வெச்சுக்கலாம், ஊருக்கு குடும்பத்தோட போற அன்னைக்கு ரெண்டு ஸ்டெப் ஏத்திக்கிட்டு வந்ததும் எறக்கிக்கலாம்.

முன் ஃபோர்க் (முன் சக்கரத்த புடிச்சிருக்கற ரெண்டு குழாய், அதுதான் முன்பக்க ஷாக்) பத்தி சுருக்கமா சொல்றேன். சாதாரண வண்டில முன்னாடி திருப்பறதுக்கு ஒண்ணும் கெடையாது, ஆனா உள்ள ஆயில் இருக்கு, அது பழசானா தண்ணி மாதிரி ஆயிரும், வண்டி பிரேக் புடிச்சா குப்புற விழற மாதிரி மூக்க தரையில வெக்கும். என்ஜின் ஆயில் மாத்தறதுக்கு தேதி எழுதி வெக்கறவங்க ஃபோர்க் ஆயில் மாத்துனதே இல்ல, 20,000 கிமீக்கு ஒருக்கா மாத்துனா வண்டி புதுசு மாதிரி இருக்கும். மாத்தும்போது கம்பெனி சொன்ன கிரேடு, சொன்ன அளவு, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. கெட்டியா இருக்கட்டும்னு ஆயில் கூட ஊத்தறாங்க, அப்படி ஊத்துனா உள்ள காத்துக்கு எடம் கொறஞ்சு கடைசில கல்லு மாதிரி ஆயிரும், சீலையும் தள்ளிரும். ஃபோர்க்க விட முன்னாடி ஆடறதுக்கு பாதி நேரம் கோன் செட் (ஹேண்டில் திரும்பற எடத்துல இருக்கற பேரிங்) தேஞ்சதுதான் காரணம், அதையும் பாக்க சொல்லுங்க.

இப்ப பெரிய வண்டி வாங்கற பசங்களுக்கு ரெண்டு வார்த்த. இப்ப வர்ற வண்டிகள்ல ப்ரீலோடு மட்டுமில்லாம டேம்பிங்கும் (ஷாக் ஆடற வேகத்த கட்டுப்படுத்தறது) திருப்பலாம். 2023ல வந்த எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோல முன்னாடி 250 மிமீ, பின்னாடி 220 மிமீ டிராவல், ரெண்டுமே முழுசா அட்ஜஸ்ட் பண்ணலாம். ஓசூர்ல செய்யற அப்பாச்சி ஆர்ஆர் 310க்கு 2021ல இருந்து ஆர்டர் குடுக்கும்போதே அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் கேட்டு வாங்கலாம். புது 390 டியூக்ல முன்னாடி கம்ப்ரஷனுக்கு 5 கிளிக், ரீபவுண்டுக்கு 5 கிளிக். கம்ப்ரஷன்ங்கறது ஷாக் அமுங்கற வேகத்த கட்டுப்படுத்தும், ரீபவுண்டுங்கறது அமுங்குனது திரும்பி வர்ற வேகத்த. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்லயும் கோயமுத்தூர் கரி ட்ராக்லயும் ரேஸ் பசங்க வண்டிய எறக்குனதும் என்ஜின தொடறதுக்கு முன்னாடி உக்கார்ற அளவ எடுத்து ஸ்பிரிங்க செட் பண்ணிட்டுத்தான் கிளிக்குக்கே போவாங்க. நம்ம பசங்க என்னடான்னா வண்டி வாங்குன அன்னைக்கே யாரோ சொன்னாங்கன்னு எல்லா கிளிக்கையும் கடைசி வரைக்கும் டைட் பண்ணிட்டு, ரேஸ் செட்டிங்ன்னு சொல்லிக்கிட்டு பள்ளத்துல தூக்கி அடிக்குதுங்கறாங்க.

தம்பிகளா, முதல்ல கம்பெனி செட்டிங் என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க, ஸ்க்ரூவ மெதுவா முழுசும் மூடிக்கிட்டே எத்தன கிளிக் வருதுன்னு எண்ணி, மறுபடியும் அதே அளவு திறந்து வெக்கணும், மூடும்போது முறுக்கி இறுக்கக் கூடாது, ஊசி வால்வு கெட்டுப்போகும். அப்பறம் ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ, ஒண்ணு ரெண்டு கிளிக்தான், அதே ரோட்டுல அதே வேகத்துல ஓட்டிப் பாருங்க. ரீபவுண்டு கம்மியா இருந்தா மேடு ஏறி எறங்கினதும் வண்டி ரெண்டு மூணு தடவ ஆடும், ஜாஸ்தியா இருந்தா அடுத்தடுத்து பள்ளம் வரும்போது ஷாக் திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த அடி விழுந்து வண்டி கீழ கீழ போயி கட்ட மாதிரி ஆயிரும். சீட்ட அமுக்கி விட்டா ஒரே தடவ மேல வந்து நின்னுரணும், அதுதான் சுமாரான ஆரம்பம்.

ஒசரம் கம்மியா இருக்கறவங்க கால் எட்டலைன்னு ப்ரீலோட முழுசா எறக்கி வெச்சுக்கறாங்க, இது ரொம்ப நடக்குது, முக்கியமா ஒசரமான வண்டி வாங்கற பொண்ணுங்க, பசங்க. எக்ஸ்பல்ஸ் ப்ரோ சீட்டு ஒசரமே 891 மிமீ, கஷ்டம்தான், புரியுது. ஆனா ப்ரீலோட எறக்கி ஒசரம் கொறைக்கறது டிராவல தின்னுட்டு கொறைக்கறது, சைடு ஸ்டாண்டு கூட அப்பறம் நீளமாயி வண்டி நிமிந்து நிக்கும், லேசா தட்டுனா மறுபக்கம் விழும். சீட்டு ஃபோம செதுக்கிக்கறதும், நல்ல சோல் இருக்கற ஷூ போட்டுக்கறதும், ஒரு கால் மட்டும் ஊன பழகிக்கறதும் அத விட மேல்.

பண்ணவே கூடாததும் சொல்லிடறேன். ஸ்பிரிங்க வெட்டி எறக்கறது, ஷாக்குக்கு கீழ இரும்பு கட்டை வெல்டு வெச்சு பின்னாடி தூக்கறது, கேனிஸ்டர் வெச்ச கேஸ் ஷாக்க மூடியத் திறந்து பாக்கறது. கடைசியா சொன்னது உயிருக்கே ஆபத்து, உள்ள நைட்ரஜன் பிரஷர்ல இருக்கு. ஷாக் ராடுல ஆயில் வடிஞ்சு தூசி ஒட்டி கருப்பா இருந்தா எந்த ஸ்டெப்ல வெச்சும் பிரயோஜனம் இல்ல, ஸ்பிரிங் மட்டும்தான் வேல செய்யுது, ஜோடியா மாத்தணும்.

ஆசிரியர் அய்யா, இதுல யார் என்ன பண்ணணும்னும் சொல்லணும்ல. ஷோரூம்ல டெலிவரி குடுக்கும்போது பேட்டரி பாத்தேன், காத்து பாத்தேன்னு ஒரு லிஸ்ட்ல டிக் அடிக்கறாங்க. அதுல இன்னும் ஒரு வரி சேத்து, உங்க எடை என்ன, தனியா ஓட்டுவீங்களா குடும்பத்தோடயா, மலை ரோடாங்கற கேள்விய கேட்டு, வாங்கறவர உக்கார வெச்சு அளந்து, செட் பண்ணி, எந்த ஸ்டெப்ல வெச்சோம்னு சர்வீஸ் புக்ல எழுதிக் குடுக்கணும். துணிக்கடைல சட்ட வாங்குனா கூட அளவு கேக்கறாங்க, லட்ச ரூபா வண்டிக்கு கேக்கறதில்ல. டயர் காத்துக்கு ஒரு ஆளுன்னா இவ்வளவு ரெண்டு ஆளுன்னா இவ்வளவுன்னு வண்டியிலயே ஸ்டிக்கர் ஒட்டி வர்றதாலதான் பெட்ரோல் பங்க்ல காத்து புடிக்கற பையனுக்கு கூட அது தெரியுது. அதே மாதிரி இவ்வளவு எடைக்கு இந்த ஸ்டெப்புன்னு தமிழ்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனா கம்பெனிக்கு என்ன செலவு ஆகப்போகுது. மேனுவல்ல போட்டிருக்கோம்னு சொல்லுவாங்க, அந்த புக்கு பிளாஸ்டிக் கவர்ல இருந்து வெளிய வந்ததே இல்ல, பாதி பேருக்கு இங்கிலீஷ்ல இருக்கு. டூல் கிட்ல சி ஸ்பானர் வெக்கறதையும் பல வண்டில நிறுத்திட்டாங்க, அது திரும்ப வரணும், அது இல்லாம வளையம் இருந்து என்ன பிரயோஜனம்.

லைசென்ஸ் எடுக்கப் போறவங்களுக்கு எட்டு போட மட்டும்தான் சொல்லித் தர்றாங்க. டிரைவிங் ஸ்கூல்லயும் எல்எல்ஆர் பரீட்சைலயும் பின்னாடி ஆள் ஏத்துனா காத்து, ஷாக், ஹெட்லைட் மூணையும் பாக்கணும்னு ஒரு கேள்வி சேத்தா ஒரு தலைமுறைக்கே தெரிஞ்சுரும். என் தொழில்ல இருக்கற மத்த மெக்கானிக் அண்ணன் தம்பிகளுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன், சர்வீசுக்கு வர்ற வண்டிக்கு செயின் டைட் பண்றீங்கல்ல, அப்பவே வளையத்த தொடச்சு ஒரு சுத்து திருப்பி விட்டு, ஓட்டறவர பாத்து அவருக்கு தகுந்த ஸ்டெப்ல வெச்சு விடுங்க. கூடுதல் காசு வாங்காதீங்க.

உங்க பேப்பர்ல டூவீலர் பத்தி வர்ற பக்கத்துல மைலேஜும் விலையும் போடற மாதிரி, பின் ஷாக்ல எத்தன ஸ்டெப் இருக்கு, ஸ்பானர் கூட வருதா, எத்தன கிலோ வரைக்கும் தாங்கும்ங்கற மூணையும் இனிமே சேத்து போடணும்னு கேட்டுக்கறேன். மழைக்காலம் வந்தா ரோடு இன்னும் மோசமாகும், அதுக்கு முன்னாடி போட்டா ரொம்ப நல்லதுங்க.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
நாமக்கல் மாவட்டம்.